யார் சொல்லிக் கொடுத்தது

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் போய்விட்டு வந்து சாளை மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தேன். அண்ணனிடமிருந்து போன். கை முழுக்கச் செதிலாக இருந்ததால் முழங்கையால் ஸ்பீக்கரை அமுக்கினேன்.

"வீட்டுக்கு வாட்டி."

"மத்தியானமா வாரேன். மீன் கெடக்கு."

"மீனத் தூக்கிப் போட்டுட்டு வா. நீதான ஞானத்தாய். நீயே வந்து கேளு. இதெல்லாம் அவளுக்கு யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேட்டு எனக்குச் சொல்லு."

எதெல்லாம் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். ஒரு வருடமாகவே தெரியும். மீனைச் சட்டியில் போட்டு மூடிவிட்டு, கையில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

அண்ணனுக்கு ஒரே பிள்ளை. அப்போது பதினேழு வயது, பிளஸ் டூ. பெண் பிள்ளை என்று சொல்லித்தான் ஞானஸ்நானம் கொடுத்தோம், பெண் பிள்ளைக்குரிய பெயர்தான் வைத்தோம். அவன் தன்னைப் பையன் என்று சொல்கிறான். அவன் என்று சொல்லுங்கள் என்று முதன்முதலில் என்னிடம்தான் கேட்டான். கேட்ட நேரத்தில் நான் செய்யவில்லை. இப்போது எழுதும்போதாவது செய்கிறேன்.

எங்களுக்குப் பூர்வீகம் புன்னக்காயல். அப்பா கடலுக்குப் போனவர். அண்ணனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை கிடைத்தது, பிள்ளையின் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் குடியேறினான். நான் அதற்கு முன்பே பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டேன். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன்.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஊர்க் கோயிலில்தான் நடந்தது. ஞானத்தாயாக நான்தான் நிற்க வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாகச் சொன்னான். கல்யாணம் ஆகாதவளையா நிறுத்துவது என்று அண்ணன் மனைவி, எங்கள் மைனி வீட்டில் முணுமுணுத்தார்கள். அதற்கெல்லாம் தடையில்லை என்று சாமியார் சொல்லிவிட்டார். கேள்விகளைச் சாமியார் பிள்ளையைப் பார்த்துக் கேட்பார், பிள்ளைக்குப் பதிலாக நாங்கள் சொல்ல வேண்டும். சாத்தானை விட்டாயா என்றார், விட்டேன் என்றேன். விசுவசிக்கிறாயா என்றார், விசுவசிக்கிறேன் என்றேன். நாற்பது நாள் பிள்ளைக்காக அத்தனை கேள்விக்கும் சத்தமாகப் பதில் சொன்னவள், அது வளர்ந்து தன் வாயால் பேசியபோது ஊமையாகிவிட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் தொழில் சொல்லிக் கொடுப்பது. டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருடமாகப் பெண்களுக்குக் காரும் ஸ்கூட்டியும் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். காலை ஐந்தரைக்கே வண்டியை எடுத்தாக வேண்டும். எங்கள் காரில் என் பக்கத்துக்கும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. வெயிலுக்கும் ஹெல்மெட்டுக்கும் தோதாக முடியைக் கழுத்துக்கு மேலே வெட்டிக்கொண்டேன். சேலை கட்டிக்கொண்டு அந்தப் பிரேக்கை மிதிக்க முடியாது என்று பேன்ட் சட்டைக்கு மாறினேன். இதற்கெல்லாம் நான் சொன்ன காரணங்கள் இவை. பொய்யில்லை, ஆனால் முழுக் காரணமும் இல்லை.

முழுக் காரணத்தை நாற்பத்தாறு வயது வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பெண்கள் மேல்தான் மனம் போனது. தூத்துக்குடியில் டைப்ரைட்டிங் படித்தபோது பக்கத்து மிஷினில் ஒருத்தி இருந்தாள். அவள் விரல் அடிக்கிற சத்தத்தை வைத்தே அவள் இன்று சந்தோஷமாக இருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருடம் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். அவள் கல்யாணமாகிச் சவுதியில் தமாமுக்குப் போய்விட்டாள். இரண்டு கடிதம் போட்டேன். இரண்டாவதற்கு அவள் வீட்டுக்காரர் பதில் எழுதியிருந்தார், எல்லோரும் சுகம் என்று. அதோடு முடிந்தது.

வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். நான் கன்னியர் மடத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் அதைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு வற்புறுத்த மாட்டார்கள். எட்டு மாதம் மடத்தில் இருந்தேன். அழைப்பு எனக்கு இல்லை என்று அவர்களே கண்டுபிடித்து அனுப்பிவிட்டார்கள், நல்ல மனுஷிகள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் சலித்துப்போயிருந்தார்கள்.

பதினாறு வயதில் ஒருநாள், இப்படி வேறு யாருக்காவது உண்டா என்று கேட்பதற்காகவே பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழந்தாளிட்டேன். வலைக்கு அந்தப்பக்கம் சாமியார் இருமினார். சீனி திருடினேன் சாமி என்று சொல்லி, பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் வாங்கிக்கொண்டு வந்தேன். சீனியும் நான் திருடவில்லை.

எனக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அம்மா சொல்லிக் கொடுத்ததெல்லாம் நல்ல மாப்பிள்ளைக்கு ஜெபிப்பது எப்படி என்று. கோயிலில் கேட்டது பைபிளில் வரும் கானாவூர்க் கல்யாணம். டென்ட் கொட்டகையில் பார்த்த படம் எல்லாமே அவனும் அவளும்தான். தெருவில் பார்த்த பந்தல், கேட்ட மேளம், பெரியம்மாமார் பேசிய பேச்சு எல்லாம் ஒரே பாடம். ஊரே சேர்ந்து இருபது வருடம் சொல்லிக் கொடுத்த பாடம் எனக்கு ஏறவில்லை. யாருமே சொல்லிக் கொடுக்காதது மட்டும் தானாக இருந்தது.

இதற்கு நடுவில்தான் அவன் வளர்ந்தான். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை என்றால் என் காரின் பின்சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வான். ஓட்டப் பழக வருகிற அக்காமார் கியரை நறநறவென்று போடும்போது பின்னாலிருந்து "க்ளட்ச், க்ளட்ச்" என்று கத்துவான். நான் வாட்சை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டுவேன், அவனும் அப்படியே கட்டினான். நான் வாயில் தீக்குச்சி கடிப்பேன், அவனும் கடித்தான், மைனியிடம் அடி வாங்கினான். ஒட்டுவார் ஒட்டி என்று அப்போது எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சொன்னால்தான் கேட்பான் என்று பெயர்.

அந்தப் பெயரால் ஒரு தப்பும் செய்தேன். கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் போட மாட்டேன் என்று ஒன்பது வயதில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பையன்கள் போடுகிற வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும்தான் வேண்டும் என்றான். அண்ணன் கையை ஓங்கினான். நான் உள்ளே போய், கதவைச் சாத்தி, சாயங்காலம் பரோட்டா வாங்கித் தாரேன், ஒரு மணி நேரம்தான், கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுக்கோ என்றேன். போட்டுக்கொண்டான். போட்டோவில் அவன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் முடியவில்லை. எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள்.

அவன் பிளஸ் ஒன் படித்தபோது, ஒரு சனிக்கிழமை, சேரன்மகாதேவி ரோட்டில் வைத்துச் சொன்னான். ஓட்டப் பழகிய டீச்சரம்மாவைப் பத்தமடையில் அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன், அவன் முன்சீட்டுக்கு மாறியிருந்தான். இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல், வாய்க்கால் நிறையத் தண்ணீர்.

"அத்த, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நான் பொம்பளப் பிள்ள இல்ல. பையன்."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"வெளையாட்டுக்குச் சொல்லல அத்த. ரொம்ப நாளா தெரியும். பேரு கூட வச்சிருக்கேன்." பெயரைச் சொன்னான். "ஒரு தடவ கூப்பிட்டுப் பாருங்க."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவன் முகம் வியர்த்திருந்தது. என் வாயிலிருந்து வந்தது இது: "யாருட்டி இதெல்லாம் ஒனக்குச் சொல்லிக் கொடுத்தா? போன்ல பாத்தியா?"

என்னைவிட இந்தக் கேள்வியின் கொடுமை தெரிந்தவள் ஒருத்தி இருக்க முடியாது. முப்பது வருடமாக யாராவது இதை என்னிடம் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து பயந்து வாழ்ந்தவள். அதை நானே அவனிடம் கேட்டேன், பெண் பிள்ளையைக் கூப்பிடுகிற ஒரு ட்டி-யும் சேர்த்து.

எனக்கும் சந்தேகம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நான் ஆணாக இருக்க ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. எனக்கு இருந்தது வேறு, அவன் சொன்னது வேறு, அது எனக்குப் பிடிபடவில்லை. நமக்குப் பிடிபடாததையெல்லாம் போன் தலையில் கட்டுவது எல்லோருக்கும் வசதி. எனக்கும் வசதியாக இருந்தது.

"போன்ல அதுக்கு என்ன பேருன்னுதான் பாத்தேன்" என்றான். "அது அதுக்கு முன்னாடியே இருந்துச்சி."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் ஒன்று உண்டு, உன்னுடையது மாதிரி இல்லை, ஆனால் தனியாகக் கிடப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். வயலில் கொக்கு நின்றது, ரோட்டில் ஒரு ஆள் கிடையாது, கேட்க வேறு காதும் இல்லை. நான் சொல்லவில்லை. சொன்னால், நாளைக்கு இது வெளியே வரும்போது அத்தைதான் கெடுத்தாள் என்பார்கள் என்று கணக்குப் போட்டேன். பிள்ளையைக் கெடுத்தவள் என்ற பெயருக்குப் பயந்து பிள்ளையை ரோட்டோரம் தனியாக விட்டேன், வண்டிக்குள்ளேயே.

"படிப்பப் பாரு. பொறவு பேசலாம்" என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பெயரைச் சொல்லி நான் கூப்பிடவும் இல்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் டியூஷன் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். முன்சீட்டு காலியாக இருந்தது. நான்தான் அதைக் காலி பண்ணினேன் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது, ஆனாலும் போய்க் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுப் படி ஏறினேன்.

அண்ணன் நாற்காலியில் இருந்தான். மைனி தரையில், முன்னால் ஒரு பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு. அதற்குள் இருந்து ஒரு பிறந்தநாள் அட்டையை எடுத்திருந்தாள். கூடப் படிக்கும் பெண் ஒருத்தி கைப்பட வரைந்து கொடுத்தது. அவன் வைத்துக்கொண்ட பெயரை மேலே பெரிதாக எழுதி, நீ நீயாகவே இரு என்று கீழே எழுதியிருந்தாள். இவன் அறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் வீங்கியிருந்தது. எல்லாவற்றையும் ராத்திரியே சொல்லிவிட்டான் போலிருந்தது. அவர்களுக்கு இப்போது தேவைப்பட்டது பழி போட ஒரு ஆள்.

"இந்தச் சிறுக்கிதான்" என்றாள் மைனி, அட்டையைக் காட்டி. "நாளைக்கு பள்ளிக்கூடத்துக்குப் போயி பெரிய டீச்சர்கிட்ட அட்டையக் காட்டப் போறேன். அவ அப்பன் வீட்டுக்கும் போறேன். இதுக்கு டிசி வாங்கி வள்ளியூர்ல எங்க அக்கா வீட்ல கொண்டு விட்டுருதேன். படிச்சுக் கிழிச்சது போதும். பூவோட சேந்தா நாரு மணக்கும், பன்னியோட சேந்தா?"

பழமொழியின் மிச்சத்தை அவள் சொல்லவில்லை, தேவையும் இல்லை. கன்று என்ன தின்னும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அவ ஒண்ணுமே சொல்லித் தரலம்மா" என்றான் அவன். "நான்தான் அவகிட்ட போயி சொன்னேன்."

"நீ வாயத் தொறக்காத" என்றான் அண்ணன். பிறகு என்னைப் பார்த்தான். "நீ கேளு. நீ கேட்டா சொல்லுவா."

பொதுப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா மினிபஸ் கண்டக்டர். இரண்டு தங்கைகள். மகள் பேரில் இப்படி ஒரு புகார் வந்தால் அவர் விசாரிக்க மாட்டார், படிப்பை நிறுத்திவிடுவார். வள்ளியூர் அக்கா வீடு எப்படிப்பட்டது என்றும் எனக்குத் தெரியும். ஜன்னலில் கூடத் துணியை ஆணி வைத்து அடித்திருப்பார்கள். இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை மைனி கையில் ஒரு அட்டையாக இருந்தது.

"யாரும் சொல்லிக் கொடுக்கலண்ணே" என்றேன். "சொல்லிக் கொடுத்து வாரது இல்ல இது."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. எனக்கு எப்படித் தெரியும் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. மனதுக்குள் ஒரு தெளிவு இருந்தது. நானே சாட்சி. நான் சொல்லிவிட்டால் இந்தத் தேடல் நின்றுவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

"எனக்கும் ஒண்ணு இருக்குண்ணே. பொம்பளப் பிள்ளைங்க மேலதான் எனக்கு ஆசை. கல்யாணம் வேண்டாம்னது அதுக்குத்தான், மடத்துக்குப் போனதும் அதுக்குத்தான். எனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? போன் இருந்துச்சா அப்ப? நம்ம அம்மாவா சொல்லிக் கொடுத்தா? நீயா சொல்லிக் கொடுத்த? ஒருத்தரும் இல்ல. இருந்தா நல்லா இருந்திருக்கும்னு நான் அழுதிருக்கேன்."

இதைச் சொல்லி முடித்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவை. அரை நிமிடம் இருக்கும்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மைனி மெதுவாக எழுந்து நின்றாள். "அப்ப நீதானா" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"சனிக்கிழம சனிக்கிழம கார்ல வச்சுக் கூட்டிட்டுப் போனது நீதான? முடிய வெட்டிட்டு வந்து அத்த மாரின்னு நின்னுச்சே, அந்த முடிவெட்டுற கடைக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? வாட்ச்சு, பேன்ட்டு, சட்ட. நான் கோட்டிக்காரி, ஒட்டுவார் ஒட்டின்னு சிரிச்சேம்லா." அண்ணன் பக்கம் திரும்பினாள். "வெளிய தேடிட்டு இருந்தோம். வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு. ஞானத்தாயாம்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டான். "அவ சொல்லுதது உண்மையா? நீதான் பழக்கி விட்டியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒன்றைக் கவனித்தேன். மைனியின் கையிலிருந்த அட்டை தரையில் கிடந்தது. அதை அவள் மறந்தே போயிருந்தாள். கண்டக்டர் மகள் அந்த அறையிலிருந்து போய்விட்டாள். டிசி, வள்ளியூர் எதுவும் அவர்கள் வாயில் இல்லை. ஆள் கிடைத்துவிட்டது. ஆளை விலக்கினால் போதும், பிள்ளை சரியாகிவிடும், பள்ளிக்கூடத்துக்கும் போகலாம். நான் இல்லை என்று சொன்னால் மைனி குனிந்து அந்த அட்டையை மறுபடி எடுப்பாள்.

"ஆமாண்ணே" என்றேன்.

அதைச் சொல்லும்போது அவன் பக்கம் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். பொய் சொல்கிறேன் என்று அவனுக்குப் புரிந்ததா, இல்லை தான் இத்தனை நாளாகச் சுமந்து வந்தது எல்லாம் அத்தையிடமிருந்து ஒட்டிக்கொண்ட நோய் என்று அத்தையே சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டானா, தெரியவில்லை. அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டான். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானே செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்தால் மீன் நாறிக்கிடந்தது.

காரணம் கிடைத்த வீட்டில் நிம்மதி வந்துவிடும் என்று அதற்குப் பிறகுதான் கண்டேன். அவன் பள்ளிக்கூடம் போனான். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதோடு சரி. கண்டக்டர் மகளைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை, அவளும் பரீட்சை எழுதினாள். அண்ணன் குடும்பம் முதல் பூசைக்குப் போக ஆரம்பித்தது, நான் இரண்டாம் பூசைக்குப் போகிறவள் என்பதால். கிறிஸ்துமஸுக்கு வருடாவருடம் மைனி கொடுத்துவிடும் முந்திரிக்கொத்து டப்பா வரவில்லை. கடையில் கால் கிலோ வாங்கினேன். ஒன்று தின்றேன், மிச்சத்தைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒருநாள் சமாதானபுரத்தில் சிக்னலில் மைனியின் ஸ்கூட்டியும் என் காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவள் என்னைப் பார்த்ததும் விளக்கு மாறுவதற்குள் சடாரென்று இடதுபக்கம் திருப்பிக்கொண்டு போனாள். இண்டிகேட்டர் போட்டுத்தான் போனாள். அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

அந்த மாதங்களில் நான் என்னையே நிறைய விசாரித்தேன். மைனி சொன்னதில் ஏதாவது உண்டா? முடி என்னிடமிருந்து போனது, வாட்ச் கட்டும் விதம் போனது, தீக்குச்சி போனது. அதெல்லாம் ஒட்டும், ஒட்டியது. ஆனால் ஒன்பது வயதில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதானே, அந்த அழுகையை யார் ஒட்டவைத்தது? அன்றைக்கு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான் ஒருத்திதான், கவுனைப் போடு என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ரோட்டைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கலாம், இடது கைக்காரிக்கு ஸ்கூட்டியில் வலது கையால் ஆக்சிலரேட்டர் திருகப் பழக்கலாம். வீட்டுக்குப் போய் அவள் இடது கையால்தான் கையெழுத்துப் போடுவாள். யாரும் யாருக்கும் அவ்வளவுதான் சொல்லிக் கொடுக்க முடியும் என்பது என் அனுபவம். ஆனால் இதை அண்ணனிடம் போய்ச் சொல்ல முடியாது. நான் இல்லை என்றால் அவர்கள் வேறு ஆளைத் தேடுவார்கள். அதனால் கெடுத்தவளாகவே இருந்துவிட்டேன். கோயிலில் இரண்டொருவர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அவன் என்ன நினைக்கிறான் என்று தெரியாததைத்தான் தாங்க முடியவில்லை. சோறு ஆக்கி வைத்துவிட்டுத் தின்னாமல் அப்படியே உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

அவன் நல்ல மார்க் வாங்கினான். கோயம்புத்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்ததைக் கீழ்வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வழியனுப்ப என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

கல்லூரி திறந்து மூன்று வாரம் இருக்கும். மத்தியானம், லைசென்ஸ் டெஸ்ட் நடக்கும் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் பழகிய மூன்று பெண்கள் ஸ்கூட்டியில் எட்டு போட வரிசையில் நின்றார்கள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அத்த, நான்தான்."

வேப்பமர நிழலுக்குப் போனேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "சாப்ட்டியா?" என்றேன்.

"சாப்ட்டேன். ரூம்ல இருக்க பையன் போன்லருந்து பேசுதேன்." ரூமில் இருக்கும் பையன் என்று அவன் சொன்னதிலிருந்து, எங்கே, யாராகத் தங்கியிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. விடுதியை விட்டுவிட்டு வெளியே எங்கேயோ ரூம் எடுத்திருக்க வேண்டும். அதை நான் கேட்கவில்லை.

"அன்னைக்கு வீட்ல ஆமான்னு சொன்னீங்கள்லா" என்றான்.

"அது வந்து…"

"அது எதுக்குச் சொன்னீங்கன்னு எனக்கு அப்பமே தெரியும் அத்த. அதப் பத்திக் கேக்கல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாதம் என்னைத் தின்ற விஷயத்தை ஒரே வரியில் இறக்கி வைத்துவிட்டான். அதோடு போனை வைத்திருந்தால் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னீங்க. ஒங்களுக்கும் இருக்குன்னு. அது நெசமா? இல்ல எனக்காகச் சொன்னதா?"

"நெசந்தான்."

"சேரன்மகாதேவி ரோட்டுல வச்சு நான் ஒங்ககிட்ட சொன்னேன்லா. அப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சி."

மைதானத்தில் என்னிடம் பழகியவளில் ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் கையை அசைத்துப் போகச் சொன்னேன். அவன் கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். குரலில் கோபமே இல்லை, ஏதோ சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டான்.

"அந்த ஒரு வருசமும் எனக்கு யாருமே இல்லன்னு நெனச்சேன் அத்த. நீங்க பக்கத்து சீட்லதான இருந்தீங்க?"